கடல் உள்வாங்கினால் நிலநடுக்கம் வருமா? – ஓலைக்குடா கரையிலிருந்து ஒரு கேள்வி

ஓலைக்குடா | காலை 7.50

எல்லோருக்கும் வணக்கம். இன்று விடியற்காலை வல்லத்தை எடுக்கப் போனால் கரையில் தண்ணீர் இல்லை. நேற்று மாலை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் கட்டிவிட்டு வந்த வல்லம், சேற்று மணலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நங்கூரம் முழுதாக வெளியே தெரிகிறது. பாசியும் சிப்பியும் கிடக்கும் ஈர மணலில் ஏறத்தாழ நூறு மீட்டர் நடந்த பிறகுதான் கால் நனைந்தது.

அதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. கடலுக்கு அடியில் நிலம் பிளந்து தண்ணீரைக் குடித்துவிட்டதாம். இன்று இரவுக்குள் நிலநடுக்கம், அதன் பின்னால் சுனாமி என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அம்மா ரேஷன் அட்டையையும் பத்திரத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டார். புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் அக்கா, உச்சிப்புளியிலிருந்து தொலைபேசியில் அழுகிறாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் கிளம்ப வேண்டுமா?

பவளத்திட்டு | காலை 8.25

தம்பி, முதலில் அம்மாவிடம் போய்க் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். நான் வேதாளைக்காரன். புவியியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பிக்கிறேன்.

அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். நம் பகுதியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் தரை எவ்வளவு மெல்லச் சரிகிறது என்பது உங்களுக்கே தெரியும். இருநூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் கூடுகிற இடத்தில் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினாலே நூறு மீட்டர் தரை வெளியே வந்துவிடும். இதோடு நான்கு நாளாகத் தென்மேற்குக் காற்றான கச்சான் விடாமல் வீசுகிறது. அது நம் வடகரைத் தண்ணீரை அப்பால் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றும் வற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான் நீங்கள் காலையில் பார்த்த காட்சி.

சுனாமிக்கு முன்பும் சில நேரம் கடல் உள்வாங்கும், உண்மைதான். அந்த உள்வாங்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. வற்றத்தில் தண்ணீர் இறங்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். சுனாமியில் கண்ணெதிரே ஐந்து, பத்து நிமிடங்களில் வடிந்துவிடும். இன்னொன்றையும் தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: சுனாமிக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்கும் என்பது தவறு. 2004-ல் சுமத்ராவுக்கு அப்பால் கடல்தரை உடைந்தபோது பிளவின் மேற்குப் பக்கம் மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே இருந்த தாய்லாந்தில் முதலில் கடல் பின்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது ஏற்றம்தான். உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் நம் கரையில் அந்த அடையாளமே வராமல் போகலாம்.

நிலம் பிளந்து கடலைக் குடிப்பது என்பது அறவே இல்லாத ஒன்று. கடல்தரை ஏறி இறங்குவதால் மேலே நிற்கும் தண்ணீர் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான்.

சங்குக்கரை | காலை 9.10

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு வயது எழுபதுக்கு மேல். தங்கச்சிமடம்.

1964-ல் நான் சிறு பையன். டிசம்பர் 22 இரவு. எங்கள் வீட்டுக் கூரை போன பிறகு அப்பா என்னையும் தங்கையையும் ஒரு பனைமரத்தோடு சேர்த்துத் தன் இடுப்புக் கயிற்றால் கட்டினார். கயிறு அறுத்த தழும்பு இன்னும் என் விலாவில் இருக்கிறது. விடிந்த பிறகுதான் தனுஷ்கோடி இல்லை என்று தெரிந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு போய்விட்டது. இப்போது அங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் சிலர் நிலநடுக்கத்தில் அழிந்த ஊர் என்றும் சுனாமியில் அழிந்த ஊர் என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. அன்று நிலம் அசையவில்லை ஐயா. காற்றுதான் கடலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.

நிலநடுக்கம் எப்படி வருகிறது என்று பேத்தி பாடத்தில் படித்ததைச் சொன்னாள். கேட்டதும் எனக்குப் பாரில், அதாவது கடலடிக் கல்திட்டில், சிக்கிய வலை நினைவுக்கு வந்தது. வலை கல்லில் மாட்டிக்கொள்ளும். வல்லம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். கயிறு இழுபடும், மெலியும், முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்டாகப் பிழிந்து வெளியே வரும். கையை வைத்தால் கயிறு நடுங்குவது தெரியும். ஒரு நேரத்தில் கல் விட்டுவிடும். அப்போது வல்லம் முழுவதும் ஒரு உதறு உதறும் பாருங்கள், நிற்பவன் கடலில் விழுவான். பூமியும் இப்படித்தானா?

பவளத்திட்டு | காலை 9.45

ஐயா, அப்படியேதான். வகுப்பில் இதை இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு முதல் உங்கள் வலையைத்தான் சொல்லப் போகிறேன்.

நாம் நிற்கும் இந்தியத் தட்டு, அதாவது பூமி மேலோட்டின் ஒரு பெரிய பாறைத் துண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. உங்கள் வல்லம் அதுதான். வடக்கே இமயமலையில் அது ஆசியாவோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. கிழக்கே அந்தமான், சுமத்ரா ஓரமாகப் பக்கத்துத் தட்டின் கீழே அமிழ்ந்து போகிறது. இரண்டு பாறைப் பரப்புகளும் உரசலில் மாட்டிக்கொள்ளும் இடம்தான் உங்கள் பார். பாறை ரப்பர் அல்ல என்றாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பல பத்தாண்டுகள், சில இடங்களில் பல நூற்றாண்டுகள் அந்த இழுவிசை சேர்கிறது. தாங்க முடியாத கட்டத்தில் மாட்டிய இடம் விடுபடுகிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படி விட்டது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோனது. வட அந்தமானில் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே எழும்பி வெயிலில் செத்தன.

தனுஷ்கோடி பற்றி ஐயா சொன்னதை நான் வழிமொழிகிறேன். புயல் அலையில் காற்றும் தாழ்ந்த காற்றழுத்தமும் கடலின் மேல்பரப்பைக் குவித்துக் கரையேற்றுகின்றன. சுனாமியில் தரை முதல் மேல்மட்டம் வரை மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. புயல் வருவதை இப்போது நாள்கணக்கில் முன்பே சொல்கிறார்கள். நிலநடுக்கத்தை எந்த நாட்டாலும் இந்த நாள், இந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆகவே ‘இன்று இரவு’ என்று சொல்லும் அந்தக் குரல்பதிவு முதல் வரியிலேயே பொய்.

தொண்டிக்காரர் | காலை 10.20

நான் ஒன்று கேட்கலாமா? நம் மாவட்டம் நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலம். நாட்டிலேயே ஆபத்து குறைந்த மண்டலம். சுனாமியிலும் 2004-ல் நாகப்பட்டினம் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்குகூட நமக்கு இல்லை. நம் மக்களுக்கு இலங்கைக் கடற்படை, டீசல் விலை, குடிநீர் என்று ஆயிரம் கவலை இருக்கிறது. தட்டு, பிளவு என்று பேசி இன்னொரு அச்சத்தை ஏன் ஏற்ற வேண்டும்? இது என் மனதில் பட்டது. யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

பவளத்திட்டு | காலை 11.05

அண்ணன், நீங்கள் கேட்டது நியாயம். மண்டலம் பற்றிச் சொன்னதும் சரி. 2002-ல் வந்த வரைபடப்படி நாம் இரண்டாம் மண்டலம், சென்னை மூன்றாம் மண்டலம். குலுக்கலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தியாவில் நிம்மதியாக உறங்கக்கூடிய பகுதிகளில் நம் கரையும் ஒன்று. இதை ஓலைக்குடா தம்பியின் அம்மாவுக்கு நான் எழுதியே கொடுப்பேன்.

ஆனால் 1993 செப்டம்பர் 30 விடியற்காலை வரை மகாராஷ்டிரத்தின் கிள்ளாரி மக்களும் அப்படித்தான் இருந்தார்கள். அன்றைய வரைபடத்தில் அவர்கள் ஊர் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலம்; 2002 வரைபடத்தில் அந்த மண்டலமே இல்லை. தட்டின் விளிம்பு எங்கோ இருக்கிறது. நடுநிலத்தில் என்ன நடக்கும் என்ற நம்பிக்கை. நான்கு மணிக்குச் சற்று முன்னால் 6.2 அளவில் நிலம் குலுங்கியது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்கள் மீது கல் வீடுகள் சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். தட்டின் விளிம்பில் சேரும் நெருக்கடி நடுநிலத்துக்கும் கடத்தப்படுகிறது. அங்கே பழைய காயம்போல் கிடக்கும் பிளவுகள் எப்போதாவது விட்டுக்கொடுக்கின்றன. நம் காலடியிலும் அப்படிப் பழைய பிளவுகள் உண்டு. இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்த காலத்தில் காவிரிப் படுகை உருவானது. அதன் தென்பகுதிதான் இராமநாதபுரம். பெருங்குளம் பக்கம் எரிவாயு எடுக்கிறார்களே, அந்தப் பள்ளம்தான். 1900-ல் கோயம்புத்தூரிலும் 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் நிலம் அசைந்திருக்கிறது.

எண்களைப் பற்றி ஒரு சொல். புதுச்சேரி 5.5, சுமத்ரா 9.1. பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்போலத் தெரியும். ஒரு எண் கூடினால் கருவியில் பதியும் அசைவு பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. இந்தக் கணக்கில் சுமத்ராவின் ஆற்றல் புதுச்சேரியைப்போல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மடங்கு. செய்தித்தாள்கள் இன்னும் ரிக்டர் என்றே எழுதுகின்றன. ரிக்டர் அதை 1935-ல் கலிபோர்னியாவுக்காக வகுத்தார். பெரிய நிலநடுக்கங்களில் அது எடுபடாது. 1979 முதல் வேறு அளவைதான் வழக்கில் இருக்கிறது: உடைந்த பரப்பு எவ்வளவு, நகர்ந்த தூரம் எவ்வளவு, பாறை எவ்வளவு கெட்டி என்று மூன்றையும் பெருக்கிப் பெறுவது.

அந்த எண் எத்தனை உயிர் போகும் என்று சொல்லாது. 2001 குடியரசு நாளில் குஜராத்தின் பூஜ்ஜில் வந்தது 7.7. கிள்ளாரியைப்போல் நூறு மடங்குக்கும் மேலான ஆற்றல். இறந்தவர்கள் நூறு மடங்கு அல்லவே. கிள்ளாரியில் கொன்றது மண் சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர். அச்சமூட்ட இதைச் சொல்லவில்லை அண்ணன். சுவர் நம் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

சின்னப்பாலம் | காலை 11.40

நான் பாசி எடுக்கப் போகிறவள். பாம்பன் சின்னப்பாலம். எங்கள் ஊர்ப் பெண்கள் பத்து, பதினைந்து பேர் சேர்ந்து தீவுப் பக்கம் போவோம். முகக்கண்ணாடி போட்டு மூழ்கி எழுந்து எடுப்போம். மூன்று, நான்கு மணி நேரம் தண்ணீரிலேயே இருப்போம். கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போக முடியும். தண்ணீருக்குள் இருக்கும்போது நிலம் அசைந்தால் எங்களுக்குத் தெரியுமா? அலை வருகிறது என்றால் படகை எந்தப் பக்கம் விட வேண்டும்? ஆழம் போனால் பிழைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பூவரசன்பட்டித் தீவு முங்கிப்போனதும் நிலநடுக்கத்தால்தான் என்று ஒருவர் சொன்னார். அதுவும் உண்மையா?

பவளத்திட்டு | மதியம் 12.30

அக்கா, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் முங்கியதற்கு நிலநடுக்கம் காரணம் இல்லை. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். அலையை உடைக்கும் பார் போனதும் தீவின் மணலை அலை வாரிக்கொண்டு போனது. அதை நிலத்தின் தலையில் கட்டுவது சரியில்லை.

தண்ணீரில் தெரியுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் தெரியாது. நிலநடுக்கத்தில் இரண்டு வகை அலைகள் பாறைக்குள் ஓடுகின்றன. முன்னால் வருவது நெருக்கி விரித்து ஓடும் முதன்மை அலை. பின்னால் வருவது பக்கவாட்டில் உதறும் இரண்டாம் அலை. வீடுகளைப் பெரிதும் ஆட்டுவது இதுவும் இதன் பின்னால் தரையின் மேல் ஓடி வரும் அலைகளும்தான். இரண்டாம் அலை நீரில் பரவாது. நீருக்கு விறைப்பு இல்லை, பக்கவாட்டில் உதறினால் அது வாங்கிக்கொள்ளாது. இந்த இரண்டையும் கருவிப் பதிவில் பிரித்துக் காட்டியவர் ஆர். டி. ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்துத்தான் செய்தார். பூமியின் நடுவில் திரவம் இருக்கிறது என்று உலகம் கண்டுகொண்டதும் இரண்டாம் அலை அங்கே நுழைய மறுத்ததால்தான்.

இனி ஆழத்துக்குப் போவது. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழக்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்; ஆனால் அங்கே அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது, மேலே மிதக்கும் படகுக்காரருக்குத் தெரியவே தெரியாது. 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் வேகம் 35 கிலோமீட்டராகக் குறையும். முன்னால் போகும் தண்ணீர் தயங்க, பின்னால் வருவது ஏறிக்கொள்ள, அலை உயரும். ஆகவே ஆழக்கடலில் ஏற்கெனவே இருக்கும் விசைப்படகு கரைக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்பது சரி. உங்கள் நிலை வேறு. தீவுப் பக்கம் நீங்கள் இருக்கும் ஆழம் ஆள் மட்டம். பாக் நீரிணைப் பக்கமோ பல இடங்களில் 10, 12 மீட்டருக்கு மேல் ஆழமே இல்லை. ஓடிப்போக ஆழம் இல்லாத கடல் நம்முடையது. கரையேறி உயரத்துக்குப் போவதுதான் வழி.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நமக்குப் பெரிய அலை அனுப்பக்கூடிய இடம் சுமத்ரா, அந்தமான் ஓரம். அங்கிருந்து வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2004-ல் தமிழகக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டரை மணி நேரமும் யாரும் யாருக்கும் சொல்லாமல் வீணானது. 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. கடல்தரையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் துறைமுகங்களில் நீர்மட்டக் கருவிகளும் அதற்குத் தகவல் தருகின்றன. ஆகவே உங்களுக்குத் தேவை கரையில் நின்று கூப்பிட ஒரு ஆள். முறை வைத்து ஒருவர் கைப்பேசியோடு கரையில் இருக்கட்டும். தீவில் இருந்து தெரிகிற மாதிரி ஒரு சிவப்புத் துணி, உரத்த ஊதல் இரண்டும் போதும்.

கீழக்கரைப் பொறியாளர் | மதியம் 2.15

தொழுகை முடிந்து வந்து இழை முழுவதும் படித்தேன். சுவர் நம் கையில் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

முதலில் மண். ஓலைக்குடாத் தம்பி, தண்ணீர் திரும்புவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஈர மணல் பளபளவென்று இருக்கும் இடத்தில் நின்று, ஒரே இடத்தில் குதிகாலால் மாற்றி மாற்றி மிதியுங்கள். முதல் பத்து மிதிக்கு மணல் கெட்டியாக இருக்கும். பிறகு காலைச் சுற்றி நீர் கசியும், மணல் கூழாகும், கணுக்கால் உள்ளே போகும். நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் மறுபடி இறுகிக்கொண்டு காலைக் கவ்வும். நிலநடுக்கத்தில் நீர் நிறைந்த தளர்ந்த மணலுக்கு நேர்வது இதேதான். குலுக்கலில் மணல்மணிகள் நெருங்கப் பார்க்கும். இடையில் இருக்கும் நீருக்குப் போக இடமில்லை. பாரத்தை நீர் தாங்கத் தொடங்கும். நீரால் கட்டடத்தைத் தாங்க முடியாது. 1964-ல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிகள் உடையாமல் முழுசாகப் படுத்துக்கொண்டன. நாம் கட்டுவதும் அப்படிப்பட்ட மணலில்தான். தோண்டினால் ஐந்தடி, பத்தடியில் தண்ணீர். இரண்டாம் மண்டலக் குலுக்கலுக்கு இது நேரும் என்று நான் சொல்லவில்லை. அடித்தளத்தை மண் பரிசோதனை இல்லாமல் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுச் செலவில் பரிசோதனைச் செலவு சிறு பங்குதான்.

அடுத்து தூண். இப்போது ஊருக்கு ஊர் கீழே வண்டி நிறுத்தச் சுவரே இல்லாமல் வெறும் தூண், மேலே இரண்டு மூன்று மாடி என்று எழுப்புகிறார்கள். பூஜ் நிலநடுக்கத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல இந்த வகை. மேலே சுவர்கள் சேர்ந்து பெட்டிபோல் விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதையும் கீழே அந்த நான்கு கால்கள் வாங்கும்.

அந்தக் கால்களுக்குள் இருக்கும் ரிங்கைப் பற்றி நான் பேசாத நாளில்லை. நிமிர்ந்து நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம். அதன் முனையைச் செங்கோணமாக மடக்கி விட்டுவிட்டால் தூண் ஆடும்போது கான்கிரீட் சிதறி, முனை விரிந்து, உள்ளிருக்கும் கம்பிகள் குடைபோல் வெளியே பிதுங்கும். முனையை இன்னும் உள்ளே வளைத்து, 135 பாகை, தூணின் நடுவை நோக்கிக் குத்தி நிற்கும்படி செய்தால் விரியாது. கூடுதல் செலவு ஒன்றும் இல்லை, வளைக்கிறவருக்கு ஒரு திருப்பு கூடுதல். மூன்று மாதம் முன்பு ஒரு வீட்டில் நான் போய்ப் பார்த்தபோது எல்லா ரிங்கும் செங்கோணம். தூணின் மேல்முனையில், பீமோடு சேரும் இடத்தில் ரிங்கே இல்லை. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்றார் வேலை எடுத்தவர். நிலநடுக்கம் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருபது ஆண்டு உழைத்த பணம் அது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நம் கரைக்கு இன்னொரு எதிரி உப்பு. கடல் மணலையும் உவர்நீரையும் கலந்து கட்டினால் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆண்டுகள் போகப் போகக் கம்பி மெலிந்துகொண்டே வரும். வரைபடத்தில் இருக்கிற தூண் வேறு, குலுக்கல் வரும் நாளில் நிற்கிற தூண் வேறு ஆகிவிடும். பவளக்கல்லில் கட்டிய பழைய வீட்டில் இருப்பவர்கள், கதவு நிலைக்கு மேல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி ஒரு பட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சுவர்கள் தனித்தனியாக வெளியே சாயாமல் அது பிடித்துக்கொள்ளும்.

தொண்டிக்காரர் | மதியம் 2.50

பொறியாளர் காக்கா, உங்கள் பதிவை என் மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். அவர் கீழே கடை வைக்கத் தூண் விட்டுத்தான் கட்டுகிறார். பவளத்திட்டுத் தம்பி, உங்கள் பதிலை ஏற்கிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள். 2004-ல் நம்மைக் காப்பாற்றியது இராமர் சேது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அது இருக்கும்வரை நமக்குப் பயமில்லைதானே?

பவளத்திட்டு | மாலை 3.30

அண்ணன், காப்பாற்றியதில் பெரும்பங்கு இலங்கைக்கு. அந்தத் தீவு அலைக்குக் குறுக்கே நின்றது. நம் அலையை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்; மட்டக்களப்பு, கல்முனை, முல்லைத்தீவு, யால என்று அந்தத் தீவு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். நாகப்பட்டினத்துக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. அங்கே 6,000-க்கும் மேற்பட்டோர். இலங்கையைத் தாண்டி வந்த மிச்ச அலை பாக் நீரிணையின் ஆழமற்ற தரையில் உரசி ஓய்ந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் பார்களும் தீவுகளும் கரைக்கு முன்னால் நிற்கின்றன.

ஆனால் நிழல் முழு நிழல் அல்ல. அலை முனையைச் சுற்றி வளையும். துறைமுகச் சுவருக்குப் பின்னாலும் படகு ஆடுகிறதே, அதுபோல. அன்று இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்த அலைதான் குளச்சலையும் மணக்குடியையும் அடித்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையில், சுமத்ராவுக்கு முதுகு காட்டி இருக்கும் பெரலியவில், முதல் அலைக்கு நின்றுபோன ரயிலில் ஊர்மக்களும் ஏறிக்கொண்டார்கள். பின்னால் வந்த பெரிய அலை ரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முதல் அலை சிறியது என்று திரும்பி வரக்கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆண் கடல், பெண் கடல் என்று நாம் சொல்கிறோமே, இந்த விஷயத்தில் அது சரியாகப் பொருந்துகிறது. மன்னார் வளைகுடாவாகிய ஆண் கடல் தெற்கே ஆழமாகத் திறந்து கிடக்கிறது. பிளவு விடும் இடமும் திசையும் வேறாக இருந்தால் அலை வேறு வழியில் வரலாம். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 வந்தது, சில மணி நேரத்தில் 8.2. தமிழகக் கரை முழுவதும் எச்சரிக்கை, மக்கள் ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. அன்று பிளவின் இரு பக்கமும் பக்கவாட்டில் வழுக்கின, தரை பெரிதாக எழும்பவில்லை. ஓடியது வீண் என்று சிலர் பிறகு பேசினார்கள். வீணில்லை. அடுத்த முறையும் ஓட வேண்டும்.

மீனாள் டீச்சர் | மாலை 4.20

மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. இழையை அச்செடுத்து நாளை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை சிமுலுவே தீவின் கதை. 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில், சுமத்ராவை ஒட்டி இருக்கும் தீவு. ஏறத்தாழ 78,000 பேர். அலை வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லை. இறந்தவர்கள் ஏழு பேர். 1907-ல் அங்கே ஒரு சுனாமி அடித்திருந்தது. அதை ‘ஸ்மோங்’ என்ற சொல்லால் பாட்டிகள் தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் போனால், குன்றுக்கு ஓடு. தொண்ணூற்றேழு ஆண்டு கழித்து அந்தப் பாட்டு ஒரு தீவைக் காப்பாற்றியது.

நான் பிள்ளைகளை மேசைக்கு அடியில் நுழைந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளப் பழக்குகிறேன். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடக்கூடாது, நின்ற பிறகு வரிசையாக வெளியே, சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகி. பதினெட்டு நொடி என்று எண்ணச் சொன்னேன், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எண்ணி முடித்துவிட்டு, “டீச்சர், எங்கள் ஆச்சியால் குனிய முடியாது, அவள் என்ன செய்வாள்?” என்று கேட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே தலையணையைத் தலைமேல் வைத்து, அலமாரிப் பக்கம் இல்லாமல் சுவர் மூலையில் இருக்கச் சொல் என்றேன். மறுநாள் ஆச்சியின் கட்டிலை அலமாரியிலிருந்து நகர்த்திவிட்டோம் என்று வந்து சொன்னாள்.

சங்குக்கரை ஐயா, பள்ளிக்கு ஒருநாள் வருவீர்களா? பனைமரத்தையும் வலையையும் உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்க வேண்டும். இராமேசுவரம் தீவில் நமக்கு இருக்கும் உயரம் கந்தமாதன பர்வதமும் புயல் காப்பிடங்களும் மாடிக் கட்டடங்களும்தான். எந்தத் தெருவிலிருந்து எது பக்கம் என்று பிள்ளைகளை வைத்து வரையப் போகிறேன்.

சங்குக்கரை | மாலை 4.45

வருகிறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் என்றாலும் சரி. பேத்தி கூட்டிவருவாள்.

ஓலைக்குடா | மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. மூன்று மணிக்கு மேல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, பவளத்திட்டு அண்ணன் சொன்ன வேகத்தில். நாலரைக்கு வல்லம் நிமிர்ந்து மிதந்தது. அதற்கு முன் காக்கா சொன்னபடி மணலில் மிதித்துப் பார்த்தேன். பதினான்காவது மிதியில் கணுக்கால் வரை போய்விட்டது. அம்மாவையும் கூட்டிவந்து மிதிக்கச் சொன்னேன். குரல்பதிவு வந்த குழுவில் இந்த இழையின் முதல் பதிலை அனுப்பினேன். பதிவைப் போட்டவர் நீக்கிவிட்டார்.

அப்பாவிடம் ஏன் காலையில் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். “கச்சானில் இப்படித்தான் வற்றும், நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்” என்றார். அதை அம்மாவிடம் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

காக்கா, உங்களிடம் ஒரு உதவி. அக்கா வீட்டில் தூணுக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். நாளை மறுநாள் பலகை அடைத்துக் கான்கிரீட் போடுகிறார்களாம். இப்போதுதான் அங்கே போய் ரிங்கைப் பார்த்தேன். முனை எல்லாம் செங்கோணமாகத்தான் இருக்கிறது.

கீழக்கரைப் பொறியாளர் | மாலை 5.50

பலகை அடைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாளை காலை எட்டு மணிக்கு உச்சிப்புளி வருகிறேன், கம்பி வளைக்கிறவரை அங்கே இருக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கான்கிரீட் போடும் முன்னால் தெரிந்தது நல்லதுதான்.